செல் உயிரியலைத் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்: நுண்ணோக்கியோடு படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

செல் பாடத்தைப் பெரும்பாலான மாணவர்கள் ஒரு படத்திலிருந்து தொடங்குகிறார்கள். நடுவில் உட்கரு, பக்கத்தில் மைட்டோகாண்ட்ரியா, ஓரத்தில் கோல்கை உறுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஓர் அம்புக்குறி, ஒரு பெயர், ஒரு வரி விளக்கம். தேர்வு முடிந்த சில வாரங்களில் பெயர்கள் மட்டும் மிஞ்சும், விளக்கம் பறந்துவிடும். குறை மாணவரிடம் இல்லை, படிக்கும் வரிசையில் இருக்கிறது. உறுப்புகளின் பட்டியலைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, "இந்தச் செல் இப்போது ஏன் சாகாமல் இருக்கிறது?" என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் பாடம் முழுவதும் தானாகக் கோவையாகிவிடும்.

அந்தக் கேள்விக்குள் நுழைய எளிய வழி தண்ணீர். எந்தச் செல்லாக இருந்தாலும், உள்ளே உப்பும் சர்க்கரையும் புரதங்களும் கரைந்திருக்கின்றன. வெளியே கரைந்திருப்பது குறைவானால் தண்ணீர் உள்ளே பாயும், அதிகமானால் வெளியேறும். ஒரு நொடிகூட ஓய்வில்லாத இந்தச் சிக்கலை ஒவ்வோர் உயிரும் எப்படிச் சமாளிக்கிறது என்று பார்ப்பதுதான் இந்த வழிகாட்டி. பதினொன்றாம் வகுப்பு மாணவரும், பள்ளிப்படிப்பை எப்போதோ முடித்துவிட்டு ஆர்வத்தால் தொடங்குபவரும் பின்பற்றலாம்.

1. கருவிகளும் அளவும்

பள்ளிகளில் இருக்கும் சாதாரண மாணவர் நுண்ணோக்கி போதும். கண்ணருகு லென்ஸ் 10 மடங்கு, பொருளருகு லென்ஸ்கள் 10 மற்றும் 45 மடங்கு என்றால் மொத்த உருப்பெருக்கம் 100, 450. கணினியோடு இணைக்கும் மலிவான 'டிஜிட்டல் நுண்ணோக்கி'களை வாங்க வேண்டாம். பெட்டியில் 1000 மடங்கு என்று அச்சிட்டிருந்தாலும் அவற்றில் பெரும்பாலானவை செல்லுக்குள் எதையும் தெளிவாகக் காட்டாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய ஃபோல்டுஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கி சுமார் 140 மடங்கு காட்டும். இரண்டாவது படிவரைக்கும் அதுவே போதும்.

மற்றவை: கண்ணாடி ஸ்லைடுகள், கவர் ஸ்லிப்புகள், சொட்டு மருந்துக் குழாய், புதிய பிளேடு, டிஷ்யூ காகிதம், சமையல் உப்பு, மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் மெத்திலீன் நீலம் என்ற சாயம்.

எதையும் பார்ப்பதற்கு முன், பார்வைப்புலத்தின் அகலத்தை அளந்துவிடுங்கள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் அளவுகோலை 100 மடங்கில் வைத்துப் பார்த்தால் வட்டத்துக்குள் எத்தனை மில்லிமீட்டர் அடங்குகிறது என்று தெரியும், ஏறக்குறைய 1.8 என்று வரும். 450 மடங்கில் அது நான்கரையில் ஒரு பங்கு, அதாவது 0.4 மில்லிமீட்டர். இந்த இரண்டு எண்களையும் நுண்ணோக்கியின் அடிப்பாகத்திலேயே ஒட்டிவையுங்கள். பிறகு எந்தச் செல்லைப் பார்த்தாலும் 'வட்டத்தில் எத்தனை செல் அடுக்கலாம்' என்ற கணக்கில் அதன் அளவு வந்துவிடும். அளவு எழுதாத செல் படம் எனக்குப் படமாகவே தோன்றுவதில்லை.

2. ரியோ இலையும் உப்புத் தண்ணீரும்

எல்லோரும் வெங்காயத் தோலில் தொடங்குவார்கள். ரியோ இலையில் தொடங்குவது நல்லது. நாற்றங்கால்களில் இந்தப் பெயரைச் சொல்லியே வாங்கலாம். இலையின் மேல்பக்கம் பச்சை, அடிப்பக்கம் ஊதா. அந்த ஊதா நிறம் செல்லின் நடுவில் இருக்கும் நுண்குமிழ் என்ற பெரிய பையின் சாற்றில் கரைந்திருப்பதால் சாயமே தேவையில்லை. இலையைச் சாய்வாகக் கிழித்தால், கிழிந்த ஓரத்தில் ஊதாத் தோல் மட்டும் மெல்லிதாக நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு சிறு துண்டை வெட்டி, ஸ்லைடில் ஒரு சொட்டு நீரில் பரப்பி, கவர் ஸ்லிப்பைச் சாய்த்து மெதுவாக இறக்குங்கள்.

100 மடங்கில் அறுகோண ஊதாக் கட்டங்கள் வரிசையாகத் தெரியும். இடையிடையே நிறமற்ற சிறு செல்கள் சூழ்ந்த இலைத்துளைகளும், அவற்றின் இரு பக்கமும் பச்சைப் புள்ளிகள் கொண்ட காப்பு செல்களும் இருக்கும்.

இப்போது 100 மில்லி நீரில் 5 கிராம் உப்பைக் கரைத்து, அதில் இரண்டு சொட்டைக் கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பில் விடுங்கள். எதிர் விளிம்பில் டிஷ்யூ காகிதத்தை வைத்தால் அது நீரை உறிஞ்ச, உப்புக் கரைசல் தோலின்மேல் இழுபட்டு வரும். கண்ணை எடுக்காமல் பாருங்கள். முதலில் கட்டத்தின் மூலைகளில் ஊதா விலகும். பிறகு ஓரங்கள் உள்வாங்கும். சில நிமிடங்களில் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஊதா ஓர் உருண்டையாகச் சுருங்கி நிறம் அடர்ந்திருக்கும். கட்டம், அதாவது செல் சுவர், அப்படியே நிற்கும். இதுதான் பிளாஸ்மா சிதைவு.

சுருங்கிய உருண்டைக்கும் சுவருக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் என்ன இருக்கிறது என்று இந்த இடத்தில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். வெற்றிடம் என்று பலர் எழுதுவார்கள். அங்கே இருப்பது நீங்கள் ஊற்றிய உப்புக் கரைசல்தான். சுவர் எதையும் தடுப்பதில்லை. உப்பை நிறுத்திவைத்துத் தண்ணீரை மட்டும் விடுவது அதற்கு உள்ளே ஒட்டியிருக்கும் சவ்வு. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நுண்ணோக்கியில் அது தெரியாது. ஆனால் அது செய்யும் வேலை கண்முன்னே நடக்கிறது. தண்ணீர் அந்தச் சவ்வை விரைவாகக் கடப்பதற்குத் தனிப் புரதக் கால்வாய்களும் உண்டு. பீட்டர் ஆக்ரே 1992-இல் இவற்றை இனங்கண்டார். 2003-இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார்.

அடுத்து, அதே முறையில் நல்ல தண்ணீரை இழுத்துவிடுங்கள். ஊதா மீண்டும் விரிந்து கட்டத்தை நிரப்பும். இங்கேயே நிறுத்திவிடாமல் ஒப்பீட்டுச் சோதனை ஒன்றையும் கட்டாயம் செய்யுங்கள். இன்னொரு தோல் துண்டைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, அதன்மேல் உப்புக் கரைசலை விட்டால் எதுவும் சுருங்காது. நிறம் ஏற்கெனவே வெளியே கசிந்திருக்கும். சவ்வு கெட்டது, செல் செத்தது. உயிருள்ள செல்லுக்கு மட்டுமே பிளாஸ்மா சிதைவு என்று நூலில் ஒரு வரியாக வருவதை நீங்களே நிரூபித்துவிட்டீர்கள்.

இன்னும் ஆழமாகப் போக விரும்புபவர்கள் 0.5 விழுக்காட்டிலிருந்து அரை அரையாக உயர்த்தி 4 வரை கரைசல்கள் தயாரித்து, ஒவ்வொன்றிலும் நூறு செல்களை எண்ணி, எந்தச் செறிவில் சரிபாதி செல்கள் சுருங்கத் தொடங்குகின்றன என்று பாருங்கள். அதுவே அந்த இலைச் செல்லின் சாற்றுக்குச் சமமான செறிவு. காலையில் பறித்த இலைக்கும், தண்ணீர் ஊற்றாமல் இரண்டு நாள் விட்ட செடியின் இலைக்கும் விடை ஒன்றாக வருகிறதா என்று ஒப்பிட்டால், அது பள்ளி அறிவியல் கண்காட்சிக்கே தகும்.

3. சுவர் இல்லாத செல்லின் பாடு

தாவரச் செல்லை நல்ல தண்ணீரில் போட்டால் உப்பி, சுவரில் முட்டி நின்றுவிடும். நம் இரத்தச் சிவப்பணுவுக்குச் சுவர் இல்லை. வெறும் தண்ணீரில் அது சில நொடிகளில் வெடித்துவிடும். நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டிலில் 0.9 விழுக்காடு உப்பு என்று போட்டிருப்பது அதனால்தான். (இதைப் பார்க்க விரலைக் குத்திக்கொள்ள வேண்டாம், இதே கதையைக் குளத்து நீர் இன்னும் நன்றாகவே சொல்லும்.)

ஒரு கைப்பிடி வைக்கோலை நீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அதில் ஒரு டம்ளர் குளத்து நீரைக் கலந்து, மூடாமல் நிழலில் வையுங்கள். முதலில் பாக்டீரியா பெருகி நீர் கலங்கும். ஒரு வாரத்தையொட்டி, மேலே ஆடை படிந்த இடத்தருகே சொட்டு எடுத்தால் பரமீசியம் என்ற ஒரு செல் உயிரி கிடைக்கும் வாய்ப்பு அதிகம். கால் மில்லிமீட்டர் நீளம் இருக்கும், பாய்ந்து ஓடும். ஸ்லைடில் பஞ்சு இழைகள் நாலைந்தைப் போட்டுவிட்டால் இழைகளுக்குள் சிக்கி அடங்கும்.

சிக்கிய ஒன்றை 450 மடங்கில் கவனியுங்கள். உடலின் இரு முனைகளையும் ஒட்டி, சுற்றிலும் ஆரக்கால்கள் கொண்ட வட்டம் ஒன்று உருவாகி, பெருத்து, சட்டென மறையும். சுருங்கும் நுண்குமிழ் அது. உள்ளே புகுந்த தண்ணீரைச் சேர்த்து வெளியே தள்ளுகிறது. இரண்டு மறைவுகளுக்கு இடையே எத்தனை நொடிகள் என்று கைப்பேசியில் அளந்து பத்து முறை எழுதுங்கள். பிறகு 0.2 விழுக்காடு உப்பு நீரை ஒரு சொட்டு சேர்த்து மறுபடி அளந்தால் இடைவெளி நீண்டிருக்கும். வெளியே உப்பு கூடியதால் உள்ளே வரும் தண்ணீர் குறைந்தது; அதற்கேற்ப இறைக்கும் வேலையும் குறைந்தது. செல் உயிரியலில் ஒரே ஒரு சோதனைதான் செய்ய நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், நான் இதைத்தான் கைகாட்டுவேன். வேலை முடிந்ததும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

4. உப்பளத்தில் வாழ்பவை

கருவாடும் உப்பு ஊறுகாயும் கெடாமல் இருப்பதற்குக் காரணம் இதற்குள் புரிந்திருக்கும்: உப்பு, நுண்ணுயிரிகளின் தண்ணீரை உறிஞ்சிவிடுகிறது. அப்படியானால் தூத்துக்குடி உப்பளங்களில் வெயில் ஏற ஏறப் பாத்தி நீர் இளஞ்சிவப்பாக மாறுவது ஏன்? அந்த நிறமே உயிர்கள்தான். டுனலியெல்லா என்ற ஒரு செல் பாசிக்குக் கெட்டியான சுவர் கிடையாது. வெளியே உப்பு ஏறும்போது அது உள்ளே கிளிசராலைத் தயாரித்துச் சேர்த்துக்கொண்டு இரு பக்கத்தையும் சமப்படுத்திவிடுகிறது. தண்ணீருக்கு ஓட வேண்டிய அவசியமே வருவதில்லை. அதோடு வாழும் உப்புவிரும்பி ஆர்க்கியாக்கள் (பாக்டீரியா போன்ற தோற்றமுள்ள, ஆனால் வேறு வகை நுண்ணுயிரிகள்) வேறு வழியில் போகின்றன. பொட்டாசியம் உப்பைத் தமக்குள் குவித்துக்கொள்கின்றன. அந்த உப்பிலும் உருக்குலையாதபடி அவற்றின் புரதங்கள் அமைந்திருக்கின்றன. இதற்கு விலையும் உண்டு: நல்ல தண்ணீரில் போட்டால் அவை அழிந்துவிடும்.

பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் வெண்கண்டல் மரத்தைப் பாருங்கள். உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடுகிறது. தப்பி உள்ளே வந்ததை இலையிலிருக்கும் உப்புச் சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. வெயில் நேரத்தில் இலைமேல் உப்புப் படிகங்கள் மின்னும்.

நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, இதுவரை பார்த்த வழிகளை எழுதுங்கள்: சுவர் கட்டுவது, இறைத்து வெளியேற்றுவது, உள்ளேயும் சமமாகக் கரைத்துவைப்பது, சுரந்து தள்ளுவது. இனி எந்த உயிரைப் பற்றிப் படித்தாலும், அது இவற்றில் எதைக் கையாள்கிறது என்று அந்தப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டே போங்கள்.

5. நம் செல்லின் வழி: பம்பும் அதன் செலவும்

நம் உடற்செல்களுக்குச் சுவரும் இல்லை, சுருங்கும் நுண்குமிழும் இல்லை. அவை ஏன் வெடிப்பதில்லை? சவ்வில் பதிந்திருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்பு என்ற புரதம்தான் விடை. செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுக்கிறது. சோடியம் உள்ளே தங்காததால் அதைத் தொடர்ந்து தண்ணீரும் மட்டுமீறி வருவதில்லை. டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோவ் 1957-இல் இதைக் கண்டறிந்தார். சும்மா படுத்திருக்கும்போதுகூட நம் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்தப் பம்புக்கே போகிறது.

இதைப் பிடித்துக்கொண்டால் மைட்டோகாண்ட்ரியா ஏன் தேவை என்பது மனப்பாடம் செய்ய வேண்டிய விஷயமாக இருக்காது. மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டால் ஆக்சிஜன் நிற்கிறது, மைட்டோகாண்ட்ரியா ஏடிபி தயாரிப்பதை நிறுத்துகிறது, பம்பு நிற்கிறது, சோடியம் உள்ளே தேங்க, தண்ணீர் புகுந்து செல் வீங்குகிறது. பக்கவாதத்தில் நிமிடங்கள் எண்ணப்படுவதன் பின்னணியில் இந்தச் சங்கிலியும் இருக்கிறது. 'மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் நிலையம்' என்ற வரி தப்பில்லை. ஆனால் அந்த ஆற்றல் யாருக்குப் போகிறது என்பதை அது சொல்வதில்லை.

1997-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசே இந்தப் பாடத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு பாதி, ஏடிபி எப்படி உருவாகிறது என்று விளக்கிய பால் பாயருக்கும் ஜான் வாக்கருக்கும். மறுபாதி, அதைச் செலவழிக்கும் பம்பைக் கண்ட ஸ்கோவுக்கு.

6. காலராவும் ஓஆர்எஸ் பொட்டலமும்

சவ்வைப் பற்றிப் படித்தது உயிர் காக்குமா என்று கேட்பவர்களுக்கு இந்தப் படி. 1959-இல் கல்கத்தாவில் சம்புநாத் தே, காலரா கிருமி ஒரு நச்சைச் சுரக்கிறது என்றும் குடலிலிருந்து நீர் கொட்டுவதற்கு அந்த நச்சே காரணம் என்றும் காட்டினார். குடல் செல்களின் சவ்வைக் கிழிக்காமலே, அதிலிருக்கும் குளோரைடு கால்வாய்களை அது திறந்தபடியே நிற்கவைக்கிறது. குளோரைடு வெளியேற, சோடியமும் தண்ணீரும் பின்னாலேயே போகின்றன. அதற்கு அடுத்த ஆண்டு ராபர்ட் கிரேன், குடல் செல்லில் குளுக்கோஸும் சோடியமும் ஒரே புரதத்தின் வழியாகச் சேர்ந்தே உள்ளே வருகின்றன என்ற கருத்தை முன்வைத்தார். காலரா நச்சு இந்த வழியைத் தொடுவதில்லை. வெறும் தண்ணீரோ வெறும் உப்பு நீரோ பயன்படாத நிலையில், உப்போடு குளுக்கோஸ் சேர்ந்தால் சோடியம் உள்ளே வரும், தண்ணீரும் கூடவே வரும்.

1971-இல் வங்கதேசப் போர் அகதிகள் நிரம்பிய, மேற்கு வங்கத்தின் பன்கான் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலை டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே ஊட்டச் சொன்னார். சுமார் 30 விழுக்காடாக இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. இன்று கடையில் வாங்கும் ஓஆர்எஸ் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள்: ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மோல் கணக்கில் மாற்றிப் பார்த்தால் குளுக்கோஸும் மொத்த சோடியமும் லிட்டருக்கு 75 மில்லிமோல் என்று சமமாக வரும். இந்தக் கணக்கைக் கையால் ஒரு முறை போடுங்கள். அரை லிட்டரில் கலக்கினால் கரைசல் அடர்ந்து, எதைத் தடுக்க நினைத்தோமோ அதையே கூட்டிவிடலாம் என்பதும் இரண்டாம் படியைச் செய்தவருக்குச் சொல்லாமலே விளங்கும்.

7. வெப்பம், பட்டினி, வறட்சி

இந்தப் படிக்கு பேக்கரிப் பொருள் கடையில் கிடைக்கும் உலர் ஈஸ்ட் போதும். (இட்லி மாவில் ஈஸ்ட் இருக்குமே என்று அதை எடுத்துவிடாதீர்கள். அதைப் பொங்கவைப்பது பெரும்பாலும் லியுகோநாஸ்டாக் என்ற பாக்டீரியா.) வெளிர் நீலமாகக் கரைத்த மெத்திலீன் நீலத்தில் ஈஸ்ட்டைக் கலந்து 450 மடங்கில் பார்த்தால், உயிருள்ள செல்கள் சாயத்தை நிறமற்றதாக மாற்றிவிடுவதால் வெளுப்பாகவும், செத்தவை நீலமாகவும் தெரியும். நூறு செல்களை எண்ணினால் எத்தனை பிழைத்திருக்கின்றன என்பது கையில்.

இப்போது வெப்பம். உலர் ஈஸ்ட்டை அப்படியே பயன்படுத்தாமல், சர்க்கரை நீரில் சில மணி நேரம் வளரவிடுங்கள். காய்ந்துகிடந்த ஈஸ்ட் ஏற்கெனவே தாக்குப்பிடிக்கும் நிலையில் இருப்பதால் வேறுபாடு தெரியாது. ஒரு குழாயை நேராக 50 டிகிரி வெந்நீரில் வையுங்கள். இன்னொன்றை முதலில் அரை மணி நேரம் 38 டிகிரியில் வைத்துவிட்டுப் பிறகு 50-க்கு மாற்றுங்கள். இரண்டிலும் நீலச் செல்களை எண்ணினால், முன்கூட்டியே சூடுபட்டதில் பிழைத்தவை கூடுதலாக இருக்க வேண்டும். மிதமான சூட்டில் செல், உருக்குலையும் புரதங்களைத் தாங்கிப் பிடிக்கும் வெப்பத் தாக்குப் புரதங்களையும் டிரெகலோஸ் சர்க்கரையையும் தயாரித்து வைத்துக்கொள்கிறது. இதன் முதல் தடயத்தை 1962-இல் இத்தாலியின் ஃபெருச்சியோ ரித்தோசா பழ ஈக்களின் குரோமோசோமில் கண்டார்.

பட்டினிக்கும் ஈஸ்ட்தான் ஆசிரியர். ஜப்பானின் யோஷினோரி ஓசுமி, சிதைக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட்டைப் பட்டினி போட்டு சாதாரண ஒளி நுண்ணோக்கியில் பார்த்தார். நுண்குமிழுக்குள் சிறு உருண்டைகள் நிறைந்து துள்ளிக்கொண்டிருந்தன. செல் தன் பாகங்களையே பொதிந்து கொண்டுவந்து சிதைத்துப் பிழைக்கும் தன்னுண்ணல் முறை அது. 2016-இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த ஆய்வு இப்படித்தான் தொடங்கியது.

வறட்சிக்குச் சுவரில் காய்ந்துகிடக்கும் பாசியைச் சுரண்டி, மழைநீரில் ஓர் இரவு ஊறவைத்துப் பிழிந்து, அந்த நீரைப் பாருங்கள். நீர்க்கரடி என்ற எட்டுக்கால் நுண்விலங்கு கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டாலும் சக்கரவிலங்குகள் (ரோட்டிஃபர் என்ற நுண்விலங்குகள்) பெரும்பாலும் இருக்கும். தண்ணீர் வற்றும்போது நீர்க்கரடி கால்களை உள்ளிழுத்து, உடல் நீரில் பெரும்பகுதியை இழந்து, வளர்சிதை மாற்றத்தை ஏறக்குறைய நிறுத்திவிடும். சைபீரிய உறைமண்ணில் சுமார் 24,000 ஆண்டுகள் கிடந்த சக்கரவிலங்கு ஒன்று உயிர்பெற்று இனப்பெருக்கமும் செய்ததை 2021-இல் ரஷ்ய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

8. இனிப் புத்தகத்தைத் திறக்கலாம்

செல் ஒரு பாடத்தில், கடத்தல் இன்னொன்றில், சுவாசித்தல் வேறொன்றில் என்று பாடநூல் பிரித்து வைத்திருக்கும். நீங்கள் சேர்த்துப் படியுங்கள். ஒவ்வோர் உறுப்புக்கும் எதிரே 'பணி' என்று எழுதுவதற்குப் பதிலாக, 'இது நின்றுபோனால் செல் எதனால் சாகும், எவ்வளவு நேரத்தில்?' என்று எழுதுங்கள். சவ்வு கிழிந்தால் நொடிகள். ஏடிபி நின்றால், மூளைச் செல்லுக்கு நிமிடங்கள். இப்படி வரிசைப்படுத்தினால் எது அவசரம், எது பொறுக்கும் என்பது தெரிந்துவிடும்.

உட்கருவுக்கு வரும்போது சிவப்பணுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. குளுக்கோஸைப் பாதிவரை உடைத்துக் கிடைக்கும் இரண்டு ஏடிபியை வைத்துப் பம்பை ஓட்டிக்கொண்டு 120 நாட்கள் வாழ்கிறது. ஆனால் பழுதான நொதிக்கு மாற்றாகப் புதிதாக ஒன்றைத் தயாரிக்க அதனால் முடியாது. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பவர்களுக்கு, மலேரியாவுக்குத் தரும் பிரைமாகுவின் மாத்திரையால் சிவப்பணுக்கள் கூட்டமாக உடையக்கூடும். முதலில் உடைபவை வயதான அணுக்கள். ஏன் புதியவை தப்புகின்றன என்பதற்கான விடையை உங்கள் அட்டவணையின் உட்கரு வரிசையில் எழுதிப் பாருங்கள்.